கூட்டுப் பண்ணையில் யார் முடிவெடுப்பது? நான்கு வழிகளை வைத்து ஒரு ஒப்பீடு

முட்டைக்கோஸ் பாத்தியில் முதல் புழுவைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பயிரைக் கவனித்துக்கொண்ட இருவரில் மூத்தவர் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் கொத்தாக மஞ்சள் முட்டைகள். பக்கத்திலேயே அப்போதுதான் பொரிந்த புழுக்கள், நூல் துணுக்கு மாதிரி. "இன்னைக்கே கையால பொறுக்கிட்டா போதுங்க. விட்டா அப்புறம் மருந்துதான்" என்றார்.

மருந்து என்றால், அது உயிர்மருந்தாகவே இருந்தாலும், பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நாங்களே விதி எழுதி வைத்திருந்தோம். பொறுக்க ஆள் கூப்பிடுவதற்கும் பணி அட்டவணையை மாற்ற வேண்டும், அதற்கும் கூட்டம். வாட்ஸ்அப்பில் படம் போட்டோம், இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு, முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை. அடுத்த ஞாயிறு சேர்ந்தது, மூன்று மணி நேரம் பேசினோம், நல்ல முடிவாகவே எடுத்தோம். எடுத்த கையோடு பாத்திக்குப் போனால் இலைகளில் நரம்பு மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கூட்டத்தில் பொறுப்பில்லாதவர் என்று யாரையும் சொல்ல முடியாது. முப்பது குடும்பங்களுக்கும் பண்ணை மேல் உண்மையான அக்கறை இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த முறைதான் பயிரின் வேகத்துக்குப் பொருந்தவில்லை.

கூட்டுப் பண்ணையோ, உள்ளூர் விளைபொருளைச் சேர்ந்து வாங்கிப் பங்கிடும் அமைப்போ தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே நிலம், என்ன விதை என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். முடிவெடுக்கும் உரிமை யாரிடம் என்பதை மட்டும் "நமக்குள்ள என்ன இருக்கு, பேசிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். நட்பு இருக்கும் வரை அது தாங்கும். முதல் பயிர் நட்டத்தில் தாங்காது.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான்கில் ஒன்றைப் பிடித்து எல்லா முடிவுகளுக்கும் போடுவதுதான் முதல் தவறு. ஒரு முடிவு எவ்வளவு அவசரமானது, தப்பிப்போனால் நட்டம் யார் தலையில் விழும் என்ற இரண்டையும் பார்த்து, அந்தந்த முடிவை அதற்கேற்ற இடத்தில் வைக்க வேண்டும்.

பயிரிடுபவர் முடிவெடுக்க, குடும்பங்கள் தோள்கொடுப்பது

பருவம் தொடங்கும் முன்பே குடும்பங்கள் பணம் கட்டிவிடுகின்றன. விளைந்தது நிறையவோ குறைவோ, பங்கிட்டு எடுத்துக்கொள்கின்றன. என்ன விதைப்பது, எப்போது அறுப்பது என்பதெல்லாம் விவசாயியின் பொறுப்பு. ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் இது பரவியது. அங்கே 1971-இல் தொடங்கிய இயற்கை வேளாண்மைச் சங்கம் 1978-இல் இதற்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தது. அதில் ஒன்று, திட்டமிட்டு விளைவித்ததை வாங்குபவர்கள் முழுவதுமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே போன்ற முறையில் தொடங்கின. பிரான்சுக்கு 2001-இல் வந்தது.

"இதில் சுயநிர்வாகம் எங்கே இருக்கிறது, சந்தா கட்டிக் காய்கறி வாங்குவதுதானே" என்று கேட்பார்கள். பலர் நடத்தும் விதத்தில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. ஆனால் ஜெர்மனியில் பல பண்ணைகள் கடைப்பிடிக்கும் ஏலச்சுற்றைப் பாருங்கள். விவசாயி ஆண்டுச் செலவை ஒவ்வொரு வரியாக எழுதி எல்லார் முன்னாலும் வைக்கிறார்: விதை, தண்ணீர், குத்தகை, எந்திரப் பழுது, தன் சம்பளம், தன்னோடு வேலை செய்பவர் சம்பளம். மொத்தத்தைப் பங்குகளால் வகுத்தால் ஒரு சராசரி வரும். அதை மனதில் வைத்து ஒவ்வொரு குடும்பமும் தன்னால் எவ்வளவு முடியும் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கிறது. வசதி குறைந்தவர் சராசரிக்குக் கீழே எழுதலாம், முடிந்தவர் மேலே எழுதுவார். யார் எவ்வளவு எழுதினார் என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கூட்டிப் பார்த்துத் தொகை போதவில்லை என்றால் இன்னொரு சுற்று. எல்லாருக்கும் பங்கு ஒரே அளவுதான். நியூ ஹாம்ப்ஷயர் பண்ணையிலும் ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவை முன்வைத்து, குடும்பங்கள் தங்களால் முடிந்த தொகைக்கு உறுதிகொடுக்கும் வழக்கம்தான்.

ஆண்டுக்கு ஒரு மாலை நடக்கும் இந்தக் கூட்டத்தில் ஒரு விவசாயியின் முழுக் கணக்கும் சாப்பிடுபவர்களின் கண்முன் இருக்கிறது. "உங்க சம்பளம் ஏன் இவ்வளவு குறைவா இருக்கு" என்று ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டவர் அடுத்த சுற்றில் கூடுதலாக எழுதினாரா என்று தெரியாது, சீட்டில் பெயர் இல்லை. ஆனால் தொகை நிறைந்தது. பல கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்குழுவில் கிடைக்காத நேரடித் தொடர்பு இது.

இந்த முறையின் பலம் வேகம். புழு வந்த அன்றே பொறுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பலவீனமும் அங்கேயேதான். எல்லா அறிவும் ஒருவர் தலைக்குள், நிலமும் பெரும்பாலும் அவர் பெயரில். அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் அடுத்த பாத்தியில் என்ன நடுவது என்று சொல்ல ஆளில்லை. அவர் நிலத்தை விற்க நினைத்தால் குடும்பங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளில் குடும்பங்கள் மெல்ல மெல்ல வாடிக்கையாளர்களாக மாறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. "இந்த வாரம் பை இளைச்சிருக்கே" என்ற பேச்சு வரத் தொடங்கினால் அது தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பதிவு செய்த சங்கம், ஆளுக்கொரு வாக்கு

இது எல்லாரும் அறிந்த வடிவம். துணைவிதி, பங்குத்தொகை, பொதுக்குழு, தேர்தல், நிர்வாகக் குழு. இதன் வேர் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் இருக்கிறது. நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்து 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்கு. எவ்வளவு பங்கு போட்டிருந்தாலும் ஆளுக்கொரு வாக்கு, மிஞ்சும் லாபம் வாங்கிய அளவுக்கேற்பத் திரும்ப வரும் என்ற இரண்டு விதிகளும் அவர்களிடமிருந்து உலகம் முழுக்கப் போனவை. பன்னாட்டுக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் ஏற்ற ஏழு கோட்பாடுகளில் இவற்றின் சாயல் அப்படியே இருக்கிறது.

விவசாயத்தில் இந்த விதியின் அருமை டென்மார்க்கில் நன்றாகத் தெரிகிறது. 1882-இல் யெட்டிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. நிறைய மாடு வைத்திருப்பவரும் இரண்டு மாடு வைத்திருப்பவரும் ஒரே ஆலைக்குப் பால் ஊற்றினார்கள். பணம் ஊற்றும் பாலுக்குத் தக்கபடி, வாக்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்று. டேனிஷ் மொழியில் 'தலை' என்ற சொல்லும் 'மாடு' என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். அதை வைத்து அங்கே ஒரு வழக்கு உண்டு: தலையை எண்ணி வாக்கு, மாட்டை எண்ணி இல்லை. சிறிய விவசாயி பெரியவர் பக்கத்தில் சமமாக உட்கார முடிந்தது அந்த ஒரு விதியால்தான்.

பெரிய காரியங்களுக்கு இந்த வடிவம் இல்லாமல் முடியாது. வங்கிக் கணக்கு, கடன், நிலத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்குவது, தலைமை மாறினாலும் அமைப்பு நிற்பது, இவற்றுக்கெல்லாம் சட்டப்படி பதிவான ஒரு சங்கம் வேண்டும். தேர்ந்தெடுத்த குழு சரியில்லை என்றால் மாற்றலாம். கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்லலாம்.

ஆனால் உறுப்பினர்கள் கூலி வாங்காமல் வந்து உழைக்கும் பண்ணையில் வாக்கெடுப்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரு நிறுவனத்தில் 26க்கு 14 என்று தீர்மானம் நிறைவேறினால் அந்தப் 14 பேரும் மறுநாள் வேலைக்கு வருவார்கள், சம்பளம் இருக்கிறது. பண்ணையில் தோற்ற 14 பேர் எதிர்த்துப் பேசமாட்டார்கள். களையெடுக்க வருவதை நிறுத்திக்கொள்வார்கள். எண்ணிக்கையில் ஜெயித்த தீர்மானத்துக்கு அதை நிறைவேற்றக் கை போதாமல் போகும். உரம் வாங்குவதா, நாமே மட்கவைப்பதா என்று ஒருமுறை வாக்கெடுத்தோம். நாமே செய்வது என்ற பக்கம் வென்றது. மட்குக் குழியைக் கிளறத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் தோற்ற பக்கத்தில் இருந்தார்கள். அந்தக் குழி ஆறு மாதம் அப்படியே நாறிக் கிடந்தது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தொடங்கிய மூன்று நான்கு ஆண்டுகளில் பொதுக்குழுவுக்கு வருவோர் எண்ணிக்கை சரிகிறது. அதே ஐந்தாறு பேர் மாறி மாறித் தலைவராகவும் செயலாளராகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அலுப்பு, மற்றவர்களுக்கும் அந்நியம். கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

எல்லாரும் ஒத்துக்கொண்டால் மட்டும்

ஒருவர்கூட மறுக்காத முடிவுதான் முடிவு. கேட்கவே நன்றாக இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர், ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள், அவசரமில்லாத விஷயம் என்றால் இதைவிட உறுதியான முடிவு கிடையாது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சமயக் கூட்டங்களில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வாக்கெடுப்பு இல்லாமல் கூட்டத்தின் மனப்போக்கை உணர்ந்து முடிவெடுக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் பொறுமையாக மௌனத்தில் உட்காரும் பழக்கம் இருக்கிறது. நாம் அந்தப் பழக்கமில்லாமல் விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முப்பது குடும்பம் ஆகும்போது அதிகாரம் நேரம் அதிகம் உள்ளவரிடம் போய்விடுகிறது. குழந்தையைத் தூங்கவைக்க வீட்டுக்குப் போக வேண்டியவர், மாலை ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியவர், வயதான அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வந்தவர், இவர்கள் மூன்றாவது மணி நேரத்தில் "சரி, உங்க இஷ்டம்" என்று எழுந்துவிடுவார்கள். அதை ஒப்புதல் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். பெரும்பாலும் அப்படி எழுந்து போனவர்கள் பெண்கள். எங்கள் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கே அது உறைத்தது. புழு தின்ற முட்டைக்கோஸும் இந்த முறையின் விளைவுதான்.

ஆட்சேபம் இல்லையென்றால் செய்து பார்ப்பது

நான்காவது வழி மூன்றாவதைப் போலத் தோன்றும், கேட்கும் கேள்வி வேறு. "எல்லாருக்கும் பிடித்திருக்கிறதா" என்று கேட்பதில்லை. "இதைச் செய்தால் நம் நோக்கம் கெடும் என்று சொல்ல யாருக்காவது காரணம் இருக்கிறதா" என்று கேட்பது. காரணத்தோடு ஆட்சேபம் வந்தால் யோசனையைத் திருத்துவார்கள். வராவிட்டால் குறிப்பிட்ட காலம் செய்து பார்ப்பார்கள். நெதர்லாந்தில் கேஸ் புக்கே என்ற கல்வியாளர் தன் பள்ளியில் நடைமுறைப்படுத்திய வழியை, அவருடைய மாணவரான பொறியாளர் ஜெரார்ட் எண்டன்பர்க் 1970களில் தன் மின்பொறியியல் நிறுவனத்துக்கேற்ப ஒழுங்குபடுத்தினார். சோசியோக்ரசி என்ற பெயரில் அது இன்று பல சமூகப் பண்ணைகளிலும் கூட்டுக் குடியிருப்புகளிலும் இருக்கிறது.

எங்கள் பண்ணையில் இதை முதன்முதலில் சோதித்தது மிஞ்சிய தக்காளி விஷயத்தில். ஒரே வாரத்தில் பழுத்துக் கொட்டியது. வாசலில் மேசை போட்டு வெளியாருக்கு விற்கலாம் என்றார் ஒருவர். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முறை பேசினோம், குறுக்கே பேசக் கூடாது. தன் முறை வந்தபோது ஓர் அம்மா சொன்னார்: "எனக்கு விற்கிறதுல ஒண்ணும் இல்ல. ஆனா பங்கு குறையற வாரத்துலயும் மேசையில காய் இருந்தா சண்டை வரும்." நல்ல ஆட்சேபம். யோசனையை நிராகரிக்காமல் அதில் ஒரு வரி சேர்த்தோம்: எல்லாப் பங்குப் பைகளும் நிரம்பிய பிறகே மேசைக்குக் காய் போகும். ஆறு வாரம் செய்து பார்ப்பது, ஏழாவது வாரம் மறுபடி பேசுவது. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பிடிக்காத இருவர் இருந்தார்கள். அவர்களும் ஆறு வாரம்தானே என்று மேசை தூக்க வந்தார்கள்.

இதோடு சேர்ந்து வருவது வட்டங்கள். பயிருக்கு ஒரு வட்டம், பங்கீட்டுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. அந்தந்த வட்டம் தன் எல்லைக்குள் தானே முடிவெடுக்கும். ஒரு வட்டத்தை அதற்கு மேலுள்ள வட்டத்தோடு இணைக்க இருவர் இரண்டிலும் உட்காருவார்கள், ஒருவர் மேல்வட்டம் அனுப்பியவர், ஒருவர் கீழ்வட்டம் தேர்ந்தெடுத்தவர்.

குறை இல்லாமல் இல்லை. கூட்டத்தை நடத்தத் தெரிந்த ஒருவராவது வேண்டும், அது பழகினால்தான் வரும். "எனக்குப் பிடிக்கல" என்பதற்கும் "இது கெடுதல்" என்பதற்கும் வித்தியாசம் காட்டப் பலருக்கும் ஆறு மாதம் ஆகிறது. புதிய கலைச்சொற்களை அள்ளிக் கொட்டினால் வயதானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அதனால் நாங்கள் அந்தப் பெயரையே சொல்வதில்லை, "ஆட்சேபம் உண்டா" என்று மட்டும் கேட்கிறோம்.

யார் யார் உறுப்பினர் என்பது தனிக் கேள்வி

எந்த முறை என்று பேசும்போது யாருக்கு அந்த உரிமை என்பது விட்டுப்போகிறது. விளைவிப்பவர்கள் மட்டும் உறுப்பினர் என்றால் விலை ஏறும் பக்கமே சாயும். வாங்குபவர்கள் மட்டும் என்றால் விலை இறங்கும் பக்கம் சாயும். இருவரையும் ஒரே சங்கத்தில் ஆளுக்கொரு வாக்கு என்று போட்டால், நூறு குடும்பமும் நான்கு விவசாயியும் இருக்கும் இடத்தில் விவசாயியின் சம்பளத்தைக் குடும்பங்களே முடிவு செய்யும்.

இதற்கு ஒரு விடை இருக்கிறது. இத்தாலி 1991-இல் சட்டம் கொண்டுவந்த சமூகக் கூட்டுறவுகளும், கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் அனுமதித்த ஒருமைப்பாட்டுக் கூட்டுறவுகளும் உழைப்பவர், பயன்படுத்துபவர், ஆதரவாளர் என்று பலவகை உறுப்பினர்களை ஒரே அமைப்பில் வைக்க இடம் தருகின்றன. நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு வகைக்கும் இருக்கையை ஒதுக்கிவிட்டால் எண்ணிக்கையில் குறைந்தவர் குரல் அமுங்காது. உங்கள் ஊர்ச் சட்டம் இதற்கு இடம் தராவிட்டாலும் துணைவிதியில் ஒரு வரி எழுதலாம்: பயிரிடுபவர் சம்பளமும் வேலை நேரமும் அவர்கள் இசையாமல் மாறாது. இந்த ஒரு வரிக்காக நான் எந்தக் கூட்டத்திலும் வாதாடுவேன்.

எந்த வழியானாலும் தப்ப முடியாதவை

பொது மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், காடு, மீன்பிடித் துறை இவற்றை மக்கள் தாங்களே ஆண்டுகொண்ட இடங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். அந்த ஆய்வுக்காக 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அப்பரிசு பெற்ற முதல் பெண் அவர். நீடித்த இடங்களில் எல்லாம் சில பொது அம்சங்கள் இருப்பதை அவர் காட்டினார். யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவு. விதி அந்த இடத்துக்கேற்றது, அதற்கு உட்பட்டவர்களே அதைத் திருத்தலாம். கண்காணிப்பவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். சண்டையைத் தீர்க்கச் செலவில்லாத, பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு.

சுவிட்சர்லாந்தின் டர்பல் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது: குளிர்காலத்தில் தன் தீவனத்தில் எத்தனை மாட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமோ, அதற்கு மேல் ஒருவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. இதைவிட எளிதாகச் சரிபார்க்கக் கூடிய விதியை எழுத முடியாது. யார் எத்தனை மாட்டைக் குளிரில் வைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் விதியும் அப்படிக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக இருக்கட்டும். "உறுப்பினர்கள் போதிய அளவு பங்களிக்க வேண்டும்" என்று எழுதினால் ஆறு மாதத்தில் போதிய அளவு எது என்று சண்டை வரும். "மாதம் இரண்டு அரைநாள்" என்று எழுதுங்கள்.

எங்கள் கருவி அறைக் கதவில் ஆணியடித்து ஒரு நோட்டு தொங்குகிறது. வருபவர் தேதி, நேரம், என்ன வேலை என்று தானே எழுதுகிறார். கணக்கெடுக்க யாரும் உட்காருவதில்லை. ஆனால் மண்வெட்டி எடுக்க வரும் எல்லார் கண்ணிலும் அது படுகிறது. ஒரு முறை தவறினால் யாராவது போன் போட்டு "என்னாச்சு, உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள். பாதிப்பேருக்கு உண்மையிலேயே ஏதோ கஷ்டம் இருக்கும். இரண்டாம் முறை ஈடுகட்ட வேண்டும். மூன்றாம் முறை பங்கீட்டு வட்டத்தோடு உட்கார்ந்து பேச்சு. நியூயார்க்கில் 1973-இல் தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவு மிகப் பெரிதாக வளர்ந்த பிறகும், உறுப்பினர்கள் முறைவைத்து வேலை செய்வது, தவறினால் ஈடுசெய்வது என்ற அடிப்படையில்தான் நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே நீக்கம் என்று எழுதி வைத்தால் அதை யாரும் செயல்படுத்த மாட்டார்கள். செயல்படுத்தாத விதி இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

சண்டை தீர்க்கும் இடத்துக்கு ஸ்பெயினின் வாலென்சியா நல்ல உதாரணம். வியாழக்கிழமை நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர்த் தீர்ப்பாயம் கூடுகிறது. எட்டுக் கால்வாய்களின் பாசன விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்களே நடுவர்கள், அவர்களும் விவசாயிகள். வழக்கறிஞர் இல்லை, விசாரணை வாய்மொழியில், தீர்ப்பு அங்கேயே. 2009-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிழமையும் இடமும் நேரமும் நிலையாக இருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மனக்குறையோடு இருப்பவர் யாரிடம் போவது, எப்போது போவது என்று தவிக்க வேண்டியதில்லை.

என்றால், எதைத் தேர்ந்தெடுப்பது?

பத்துப் பதினைந்து குடும்பம், ஒரு நல்ல விவசாயி இருக்கிறார் என்றால் முதல் வழியில் தொடங்குங்கள். சங்கம் பதிவுசெய்ய அவசரப்பட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து வைக்கும் கூட்டம் மட்டும் தவறக் கூடாது. இரண்டாவது பருவத்திலேயே அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒருவரைப் போடுங்கள், அந்தச் செலவையும் வரவுசெலவில் எழுதுங்கள்.

அதற்கு மேல் போய், நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை, கிணறு, குளிர்பதன அறை என்று பெரிய பணம் வந்தால் பதிவு செய்த கூட்டுறவு வேண்டும். ஆனால் அதன் நிர்வாகக் குழு எல்லாவற்றையும் தன் மேசைக்கு இழுக்கக் கூடாது. உள்ளே வட்டங்களும் ஆட்சேப முறையும், வெளியே பதிவு செய்த சங்கமும் என்று வைத்துக்கொள்வதுதான் நான் பார்த்தவற்றில் நன்றாக ஓடுகிறது. ஒருமித்த முடிவு என்பதை ஒரே ஒரு இடத்துக்கு ஒதுக்குவேன்: பண்ணையின் நோக்கத்தை மாற்றுவது, நிலத்தை விடுவது. அங்கே தாமதம் நல்லது.

நூறு குடும்பத்தைத் தாண்டினால் ஒரே பொதுக்கூட்டம் பயன்படாது. ஜப்பானின் நுகர்வோர் கூட்டுறவான செய்காட்சு கிளப் 1965-இல் டோக்கியோவில் பெண்கள் சேர்ந்து பால் வாங்குவதில் தொடங்கி, 'ஹான்' என்ற சின்னச் சின்ன அக்கம்பக்கக் குழுக்களாகவே விரிந்தது. முகம் தெரிந்தவர்களின் குழு கீழே இருந்தால் மேலே எவ்வளவு வளர்ந்தாலும் பேச ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் பண்ணையில் இப்போது கருவி அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பூச்சி, தண்ணீர், அறுவடை நாள்: பயிர் பார்ப்பவர்கள், கேட்காமலே. என்ன பயிர், மிஞ்சியதை என்ன செய்வது, பணி அட்டவணை: வட்டங்கள், ஆட்சேப முறையில். பணம், குத்தகை, குழுத் தேர்தல்: பொதுக்குழு, வாக்கெடுப்பில். எந்த மருந்து ஒருபோதும் கூடாது என்ற பட்டியல் தனியே, அதை ஆண்டுக்கூட்டம் மட்டும் மாற்றலாம். அடுத்த பருவம் புழு மறுபடி வந்தது. அன்று மாலையே நான்கு பேர் வாளியோடு பாத்தியில் குனிந்திருந்தார்கள்.

அந்தத் தாளில் கடைசியாகச் சேர்த்தது விலகும் விதி. முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனபோது பங்குத்தொகையைக் கேட்டார்கள். பணம் முழுவதும் சொட்டுநீர்க் குழாயாக மண்ணில் கிடந்தது. கொடுக்க வழியில்லை, அவர்களுக்கோ அவசரம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தும் நட்பு போனது. இப்போது விதி இப்படி: விலகுபவர் ஒரு பருவம் முன்பே சொல்ல வேண்டும், பங்குத்தொகை அடுத்த ஆண்டுக் கணக்கு முடிந்ததும் இரண்டு தவணையில் திரும்பும், நிலத்தில் நிற்கும் பயிர் பண்ணைக்கே. கூடவே, புதிதாகச் சேருபவர் தொகையிலிருந்து ஒரு பகுதி இதற்கென்றே தனிக் கணக்கில் கிடக்கும், அதை எந்த வட்டமும் தொடக் கூடாது.